இரண்டு ஆள் வேண்டிய சீஸ்
கண்ணாடிக் கதவு வழியே வரும் காலை வெயில் சீஸ் கடைப் பலகையில் கிடக்கும் கத்திகள் மீது விழுகிறது. கடைக்காரரும் அவர் மனைவியும் முகம் கொடுத்துப் பேசி நான்கு நாளாகிறது. ஆனாலும் வேலை பிசகவில்லை. மெத்தென்ற சீஸுக்கு அவர் வெறும் கத்தியை எடுக்கிறார். அவள் அதைப் பிடுங்காத குறையாக வாங்கி வைத்துவிட்டு, ஓட்டை போட்ட கத்தியை அவர் பக்கம் தள்ளுகிறாள். அலகில் ஓட்டை இருந்தால்தான் சீஸ் ஒட்டாது. நீலப் பூஞ்சணம் ஓடிய சீஸை அவள் கம்பியால் அறுக்கிறாள்; கத்தி பட்டால் அது பொலபொலவென்று உதிர்ந்துவிடும். "அந்தப் பெரிய சக்கரத்துல கால் கிலோ குடுங்க," என்கிறார் வாடிக்கையாகச் சீஸ் வாங்கும் டீச்சர். இருவரும் நிமிர்கிறார்கள். வண்டிச் சக்கரம் போல் வட்டமாய், கல்லாய் இறுகிய அந்த முழுச் சீஸ் இன்னும் திறக்கப்படவில்லை. அதை அறுக்க முடியாது, பிளக்க வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். குட்டைக் கூர்முனைக் கத்திகளை ஆளுக்கொரு பக்கம் குத்தி இறக்கி நெம்புகிறார்கள். சக்கரம் அசையவில்லை. மறுபடியும் நெம்புகிறார்கள். "நீங்க ஒரு நேரம், அவங்க ஒரு நேரம் நெம்பினா எப்படிங்க? எண்ணிக்கிட்டு நெம்புங்க," என்கிறார் டீச்சர். இருவரும் கத்திப் பிடிகளை மறுபடி இறுக்கிப் பிடிக்கிறார்கள். "ஒண்ணு," என்கிறார் கடைக்காரர், சக்கரத்தைப் பார்த்து. "ரெண்டு," என்கிறாள் அவள், அவளும் சக்கரத்தைப் பார்த்து. "மூணு" மட்டும் இரண்டு குரலில் வருகிறது. சக்கரம் படீரென்று பிளந்து, நடுவிலிருந்து ஒரு துண்டு தெறிக்கிறது. அதைக் கத்தி முனையில் எடுத்து அவர் மனைவியிடம் நீட்டுகிறார். அவள் வாங்கவில்லை. "கத்தியில நீட்டாதீங்க. கையில குடுங்க."