மருந்துக்கு ஓர் ஆள்

திருவொற்றியூர் பஸ்ஸில் அடித்த ஃபோனைச் சுயம்பு ஐந்து நாளாகியும் விற்கவில்லை. அடித்த கையோடு சிம்மைக் கழற்றிச் சாக்கடையில் போடுவதுதான் அவனுடைய தொழில் சுத்தம். அதைக் கெடுத்தது ஒரு கேம்.

அடித்த அன்றே, மூடாமல் கிடந்த கேமிலிருந்து ஒரு குரல் அலறியது. "எல்சி, எங்க கீற? ராட்சசன் அட்ச்சிகினே கீறான். மருந்து குடு, சாவப்போறேன்!"

பதறிப்போய்த் திரையில் மின்னிய பச்சைப் பொத்தானை அமுக்கினான். செத்துக்கொண்டிருந்தவன் எழுந்து நின்றான். அவ்வளவுதான், சுயம்பு விழுந்துவிட்டான்.

அது ஐந்து பேர் குழு. மஜீது முன்னால் நின்று அடி வாங்குவான். நெல்சன், ஹஃப்சா, ஜோ மூவரும் ராட்சசனை அடிப்பார்கள். ஃபோனின் சொந்தக்காரி எல்சிக்குப் பின்வரிசை; அடிபட்டவர்களுக்கு மருந்து கொடுக்கும் வேலை. 'தொண்டை கட்டிகிச்சு' என்று டைப் அடித்துவிட்டு, மைக்கை அணைத்துவிட்டு அந்த வேலையைச் சுயம்பு பார்த்தான். பிக்பாக்கெட் விரலுக்குப் பொத்தான் அமுக்கச் சொல்லித்தர வேண்டுமா? ஒருத்தரையும் சாக விடவில்லை.

புதன்கிழமை நெட் தீர்ந்தது. மறுநாள் தானாக வந்தது. சார்ஜ்தான் தொல்லை. இரண்டு முறை சண்டை நடுவே ஃபோன் அணைந்துபோனது.

சனிக்கிழமை குழுவில் மெசேஜ் வந்தது. 'நாளைக்கு நாலு மணி, ராயபுரம் மஜீது டீக்கடை. எல்லாரும் வந்துடுங்க.'

சுயம்புவுக்குள் இருந்த பழைய ஆள் விழித்துக்கொண்டான். பாவம் எல்சி, ஃபோன் போனதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை போலும். அவளுக்காக நாலு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேசைமேல் நாலு ஃபோன்!

ஏற்கெனவே இரண்டு கேஸ். மூன்றாவது விழுந்தால் குண்டாஸ் என்று எஸ்.ஐ. சொல்லி வைத்திருந்தார். ஆசை யாரை விட்டது?

மறுநாள் மஜீது கடையில், அந்த நாலு பேருக்குப் பக்கத்து மேசையில் டீயோடு உட்கார்ந்தான். நைசாகக் கையை நீட்டினான். அவன் சட்டைப்பையில் இருந்த ஃபோன் அடித்தது.

மஜீது எழுந்துபோய் ஷட்டரை இறக்கினான். சுயம்புவின் பின்னால், காதில் புது ஃபோனோடு ஒரு பெண் நின்றிருந்தாள். பஸ்ஸில் பார்த்த அதே முகம்.

"மொத நாளே தெரியும் நைனா," என்றான் மஜீது. "எல்சியாவது, மருந்து குடுக்கறதாவது! கத்திய தூக்கினு அதுவும் அடிக்கதான் ஓடும். அன்னிக்கி நான் ஒரு வாட்டிகூட சாவல. அப்பவே இது வேற ஆளுன்னு புரிஞ்சிபோச்சி."

சுயம்பு எல்சியின் காலில் விழுந்தான். "ஸ்டேஷன் மட்டும் வாணாங்க்கா. இந்த வாட்டி உள்ள போனா வெளிய வர மாட்டேன்."

"எந்திரி. நெட்டு தீந்ததும் ரீசார்ஜ் போட்டது யாருன்னு நெனச்ச?"

சுயம்பு இறங்கிய ஷட்டரைப் பார்த்தான். பிடிக்கத்தான் போட்டிருக்கிறாள்! எல்சி கைப்பையைத் திறந்தாள். சுயம்பு கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"அடிக்க ஊர்ல ஆயிரம் பேரு கீறான், மருந்து குடுக்கதான் ஒருத்தனும் வர மாட்டேன்றான், இனிமே நடுவுல ஆஃப் ஆவாம பாத்துக்கோ," என்று சார்ஜரை எடுத்து அவன் கையில் வைத்தாள்.