வீமனின் நித்திரை

"செத்துப்போச்சுதெண்டு ஒருத்தரும் வாய் திறக்கக் குடாது," என்றார் குலசிங்கத்தார். "பொம்பிளை பாக்க வாறவை திரும்பிப் போகுமட்டும் அவர் நித்திரை. விளங்கிச்சோ?"

அவருடைய மனைவி அருள்மலர் ஓம் என்று தலையாட்டினார். மகள் நளாயினி தலையாட்டவில்லை. முன்னறைத் தரையில் இருந்து வீமனின் காதை வருடிக்கொண்டிருந்தாள்.

வீமன் அந்த வீட்டு நாய். நளாயினி பள்ளிக்கூடப் பையோடு திரிந்த காலத்தில் வந்தது. கடைசி வருடத்தில் முதலில் கண் போயிற்று, பிறகு காது, பிறகு பின்னங்கால்கள். அன்று ஞாயிறு விடிய, முன்னறையில் ஹீட்டரின் சூட்டுக்காற்று வரும் இடத்தில் வழக்கம்போலப் படுத்திருந்தது, எழும்பவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் மொன்றியலிலிருந்து விடியமுன்னமே காரில் வெளிக்கிட்டுவிட்டார்கள். பாதி வழி வந்தவர்களைப் போன் எடுத்துத் திருப்புவது குலசிங்கத்தாருக்கு மரியாதையாகப் படவில்லை.

"நாய்தானே. உண்மையைச் சொன்னால் என்ன?" என்று அருள்மலர் கேட்டார்.

"பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு வீட்டிலை சாவு. அதை நாயின்ரை சாவெண்டு ஆர் சொல்லப் போறான்? சாவெண்டுதான் இந்த மில்லிக்கன் ஊர் முழுக்கக் கதைப்பாங்கள். எல்லாம் பிள்ளையின்ரை தலையிலைதான் விடியும்."

"அப்ப கராஜுக்குள்ளை வைப்பமே?"

"அவனைக் கராஜுக்குள்ளை போட்டால் நான் சீலை உடுக்கமாட்டன்," என்றாள் நளாயினி. "ப்ரொமிஸ், அப்பா. ஜீன்ஸோடைதான் வந்து நிப்பன்."

குலசிங்கத்தார் இரண்டு அவமானங்களையும் மனதில் நிறுத்துப் பார்த்தார். பிறகு நல்ல கம்பளி ஒன்றை எடுத்துவந்து வீமனைக் கழுத்துவரை போர்த்தினார். கண்கள் சரியாக மூடியிருக்கவில்லை. அவற்றையும் மூடிவிட்டார்.

மாப்பிள்ளை, பல்கலைக்கழகத்தில் நளாயினிக்குப் பழக்கமான பொடியன். அவனைத் தவிர வேறு ஒருவரையும் கட்டமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். வெளியில் குலசிங்கத்தார் அதைப் பேச்சுக்கலியாணம் என்றே சொல்லியிருந்தார்.

மதியத்துக்கு முன் மாப்பிள்ளையின் தகப்பன் ஸ்ரீஸ்கந்தராசாவும் மனைவியும் மகனும் வந்து சேர்ந்தார்கள். குளிரில் வந்த மனைவி, சூடு வரும் இடம் பார்த்து, வீமனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டார். குலசிங்கத்தாரின் முதுகு இன்னும் நிமிர்ந்தது.

"நல்ல நித்திரை போலை," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "ஆள் வந்தும் குலைக்கேல்லை."

"எங்கடை வீட்டிலை வாற ஆக்களைப் பாத்துக் குலைக்கிற பழக்கம் இல்லை," என்றார் குலசிங்கத்தார்.

சேலையுடுத்தி வந்த நளாயினி தேநீர் கொடுத்தாள். மாப்பிள்ளையின் தாய் கோப்பையை வாங்கிக்கொண்டு, மற்றக் கையால் குனிந்து வீமனின் தலையைத் தடவினார். கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. கோப்பையைக் குடிக்காமலே மேசையில் வைத்தார்.

"கனநாளாய் ஏலாமல் இருந்ததோ, அண்ணை?"

"வயசுதானே."

"நேற்று ஏதும் சாப்பிட்டதோ?"

"இறைச்சித் தண்ணி விட்டுக் குழைச்ச சோறு. ரண்டு வாய்."

"ஆர் குழைச்சுக் குடுத்தது?"

"வீட்டிலை ஆரும் குடுப்பம்," என்றார் குலசிங்கத்தார். அருள்மலர் யன்னலைப் பார்த்தார். வீமனுக்குப் பல்லுப் போன நாளிலிருந்து அந்தச் சோற்றில் தன்னைத் தவிர வேறு ஒருவரையும் குலசிங்கத்தார் கைவைக்க விட்டதில்லை.

"கஷ்டப்படேல்லையே?"

"இல்லை." குலசிங்கத்தாரின் குரல் தடித்துவிட்டது. தேநீர் சூடு என்று சொன்னார்.

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். கணவர் எழுந்தார். மகனும் வாய்க்குக் கொண்டுபோன சீனி அரியதரத்தைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டு எழுந்தான். தாய் நளாயினியின் கையை ஒரு முறை பிடித்துவிட்டு வாசலுக்குப் போனார். சப்பாத்துகளைப் போட்டார்கள். கார் போய்விட்டது.

"பாத்தீரே!" என்று குலசிங்கத்தார் மனைவியிடம் பொங்கினார். "போட்டு வாறம் எண்டு ஒரு சொல் இல்லை. ஒரு சொட்டுத் தேத்தண்ணி குடிக்கேல்லை. பிள்ளை என்ன படிச்சதெண்டு கேக்கேல்லை, நாய் என்ன திண்டதெண்டு கேக்கிறா! எங்கடை வீட்டுக்குள்ளை வந்து எங்களுக்கே அவமரியாதை!"

நளாயினி சேலையோடு வீமனுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டாள். "ஒரே நாளிலை ரண்டும் போச்சு," என்றாள். பிறகு கம்பளிக்குள் முகத்தை வைத்து அழுதாள்.

"அழாதை. அவையள் வேண்டாமெண்டு சொல்லமுன்னம் நாங்கள் சொல்லவேணும். இந்தக் குடும்பத்தை ஒருத்தன் வேண்டாமெண்டு சொன்னதாய்ச் சரித்திரம் இல்லை."

"அப்பா, ப்ளீஸ், இண்டைக்கு வேண்டாம்."

"இண்டைக்கே."

மாப்பிள்ளை வீட்டார் அன்றிரவு ஸ்காபரோவில் ஓர் உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தது. பொழுதுபடக் குலசிங்கத்தார் சட்டையின் மேல் பொத்தானையும் பூட்டிக்கொண்டு அங்கே போன் எடுத்தார். அருள்மலர் கையைப் பிடித்து மறித்தார்; அவர் அதை விலக்கிவிட்டார். மறுமுனையில் மாப்பிள்ளையின் தாயே எடுத்தார்.

"குலசிங்கம் கதைக்கிறன். இந்தச் சம்பந்தத்தைப் பற்றி எங்கடை முடிவு என்னெண்டால்..."

"குறை நினையாதேங்கோ, அண்ணை," என்றது மறுமுனை. "செத்தவீட்டிலை சொல்லிக்கொண்டு வெளிக்கிடுறேல்லை. எட்டாம் நாள் காரியம் முடியட்டும், நாள் வைக்க வாறம்."