ஒரு சத்தம் பாக்கி

“மறுபடியும் அந்தச் சத்தம். வந்து கேளு.”

மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கூடையில் போட்டுவிட்டு மனைவி எழுந்து வந்தாள். சமையலறைத் தரையில் ஸ்குரூகளுக்கு நடுவே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான் கணவன். அவள் குனிந்து டிஷ்வாஷரின் கதவில் காதை வைத்தாள். பிறகு அவன் முகத்துக்கு நேரே வந்து உட்கார்ந்தாள்.

“ஒண்ணும் இல்லையேங்க. தண்ணி சுத்துற சத்தம்தான்.”

அவனும் கவனித்தான். நின்றுவிட்டிருந்தது.

“இப்ப இல்ல. நீ வர்றதுக்கு முன்னாடி வந்துச்சு. கிர்ர்ர்னு மேல ஏறி, இறங்கி, மறுபடி ஏறுது. துருப்பிடிச்ச தகரத்தைத் தேய்க்கிற மாதிரி.”

“டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் ஓடிப்போற கதையா, என்னைப் பார்த்ததும் நின்னுடுதா? இந்த வீட்டுல என்மேல மரியாதை வச்சிருக்கறது இந்த மெஷின் ஒண்ணுதான்.”

அவன் சிரிக்கவில்லை. அவள் துணிக்கூடைக்கே திரும்பிப் போனாள்.

அவளுடைய அண்ணன் பழைய வீட்டுச் சாமான்களை வாங்கிப் பழுது பார்த்து விற்கிறவர். யாரோ எட்டு வருஷம் பயன்படுத்திக் கழித்துவிட்ட அந்த டிஷ்வாஷரை வெள்ளிக்கிழமை அவர்தான் கொண்டுவந்து இறக்கினார்.

“தங்கச்சி புருஷன்னு உங்களைச் சும்மா கொண்டுபோய் உட்கார வச்சா கடையில மத்தவங்க என்னைச் சும்மா விடமாட்டாங்க, மாப்பிள்ளை. இதை ஓட வைங்க. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வந்து பார்க்கிறேன். குறையில்லாம ஓடினா, திங்கக்கிழமையிலிருந்து உங்க பழைய மேஜை உங்களுக்கு.”

ஆறு வருஷங்களுக்கு முன் அந்தக் கடையின் தலைமை மெக்கானிக் அவன். அதன்பின் வீடுதான், ஜன்னல்தான், புத்தகங்கள்தான். வீட்டை அவள் ஒருத்தியே தாங்கினாள். ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியதுண்டு.

மெஷினின் நோய் பெரிய நோயல்ல. கழுவிய தண்ணீர் வெளியேறாமல் அடியில் தேங்கி நின்றது. வடிகட்டியைக் கழற்றி, பம்புக்குள் விரலை விட்டுத் துழாவினான். நகம் அளவுக்கு ஒரு கண்ணாடிச் சில்லு, சுழலும் இறக்கைகளில் சிக்கியிருந்தது. அதை எடுத்தான். விரிசல் விட்டிருந்த ரப்பர் குழாயை மாற்றினான். நேற்று மாலையே தண்ணீர் கடகடவென்று இறங்கிப் போனது.

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டான்.

அதிலிருந்து மூன்று முறை கழற்றிவிட்டான். தண்ணீர் பீய்ச்சும் கைகள் எங்கும் உரசவில்லை. குழாய் சுவரில் இடிக்கவில்லை. மோட்டாரின் அச்சில் ஆட்டமில்லை. உள்ளங்கையை மெஷினின் பக்கவாட்டில் பதித்துக் கண்ணை மூடினான். சீரான, மெல்லிய அதிர்வு. ‘நன்றாக இருக்கிறது’ என்றது கை. ‘இல்லை’ என்றது காது. இதோ, மறுபடியும் ஏறுகிறது, இறங்குகிறது.

“வா, வா, இப்ப வருது.”

அவள் வந்தாள். நின்றுவிட்டது.

“விட்டுடுங்களேன். ஓடுது, கழுவுது, தண்ணியும் போகுது. நீங்க வாயைத் திறக்கலைன்னா அண்ணனுக்குத் தெரியவா போகுது?”

“எனக்குத் தெரியுமே.”

சுவர்க்கடிகாரத்தில் மூன்றரை. கூடைக்குத் திரும்பிப் போகும்போது அவள், “நாளைக்குப் போட்டுக்கற சட்டையை இஸ்திரி பண்ணி மாட்டியிருக்கேன்” என்றாள். அவன் தலையைத் தூக்கவில்லை. கழற்றிய மூடியை மெதுவாக மறுபடி முடுக்கினான்.

நாலு அடித்ததும் மச்சான் வந்துவிட்டார். உள்ளேயிருந்து ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“முகம் பார்த்துத் தலை வாரிக்கலாம் போலிருக்கே.”

அடியில் கையை விட்டுத் தடவினார். சொட்டுத் தண்ணீர் இல்லை. அவரே கதவைச் சாத்தி மெஷினை மறுபடி ஓடவிட்டார். அங்கே நிற்கத் தைரியமில்லாமல் மனைவி துணிக்கூடையின் முன்னே போய் உட்கார்ந்துகொண்டாள்.

“அப்புறம் என்ன மாப்பிள்ளை, நாளைக்குக் காலையில...”

“இருங்க மச்சான். ஒரு குறை பாக்கி இருக்கு. மறைச்சு வேலைக்கு வர எனக்கு மனசில்ல.” அவன் விரலை உயர்த்தினான். “இப்பக்கூட வருது பாருங்க. கேக்குதா?”

மச்சான் மண்டியிட்டுக் கதவில் காதை வைத்தார். நெடுநேரம் அப்படியே இருந்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போயிற்று, ஆறு வருஷத்தோடு இன்னும் ஆறு வருஷம் என்று நினைத்துக்கொண்டான் அவன். மச்சான் எழுந்தார். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். மெஷின் ஓய்ந்தது.

“இப்பவும் வருதா?”

“வருது” என்றவன், சொன்ன பிறகுதான் திகைத்தான். “கரண்ட்டே இல்லையே, மச்சான்.”

“மெஷின்ல குறை ஒண்ணும் இல்ல. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வந்துடுங்க” என்று சொல்லிவிட்டு, மச்சான் அவன் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பினார்.

கூடைக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்து, துணி மடித்தபடியே மனைவி வாய்க்குள் ஒரு பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். ஒரு காய்ச்சலோடு முற்றிலும் கேளாமல் போய், ஆறு வருஷத்துக்குப் பின் மூன்று வாரம் முன்புதான் கருவி பொருத்திய அவன் காதுக்குள், அது கிர்ர்ரென்று ஏறி, இறங்கி, மறுபடி ஏறிக்கொண்டிருந்தது.