பூஜ்யத்தில் நிற்கும் மீட்டர்

நடுப்பகல் வெயில் மண்டையைப் பிளக்கிறது. வாசல் சுவரில் மாட்டிய புது மீட்டரை, கடன்காரனைப் பார்ப்பதுபோல் முறைத்துக்கொண்டு நிற்கிறார் தையல்காரர். கூரையில் பதித்த சோலார் பலகைகளின் மின்சாரம் வீட்டுச் செலவு போக மிஞ்சி வெளியே போனால், அதற்கு அரசாங்கம் காசு தருமாம். அது போவதை மின்வாரியப் பரிசோதகர் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இன்றைக்கு விட்டால் இனி ஆறு மாதம் கழித்துத்தான் வருவார். மீட்டரோ குத்துக்கல்லாகப் பூஜ்யத்தில் நிற்கிறது. “கொடுக்கிற கவர்மெண்டை எங்கய்யா பாத்திருக்கீங்க? எனக்கு அப்பவே தெரியும்,” என்கிறார் தையல்காரர். பேச்சில்தான் வீறாப்பு, ஆயுள் சேமிப்பு மொத்தமும் கூரைமேல் கிடக்கிறது. பரிசோதகர் ஏணியில் ஏறுகிறார். “பெரியவரே, பலகைக்குக் குளிருதா? போர்வை போத்தி வச்சிருக்கீங்க,” என்று மேலிருந்து கேட்கிறார். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். “நான்தான் துவைச்சு விரிச்சேன். தண்டமாக் கிடக்குதுன்னு நீங்கதானே தினம் திட்டினீங்க? ஒரு வேலையாவது செய்யட்டுமேன்னு போட்டேன்.” இரண்டு ஈரப் போர்வைகள் தொப்பென்று வாசலில் விழுகின்றன. மீட்டரின் கடைசி இலக்கம் மெல்ல ஒன்றாகிறது, பிறகு இரண்டாகிறது. பரிசோதகர் இறங்கி வந்து கையெழுத்துப் போடுகிறார். தையல்காரர் விறுவிறுவென்று உள்ளே போய், ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறியை நிறுத்துகிறார். “வேகுதுங்க,” என்கிறாள் மனைவி. “வேகட்டும். அதுவும் வெளிய போகட்டும்,” என்கிறார். வேர்வை வழிய வழிய மூவரும் சிரிக்கிறார்கள்.