வேலை நேரம்
மாசிலாமணி வாரத்துக்கு எழுபது மணி நேரம் உழைப்பதாகவே அவன் மனைவி தனக்கொடி நம்பியிருந்தாள். பம்ப் கம்பெனியிலிருந்து இரவு ஒன்பதுக்கு வந்து அலுப்போடு தட்டின் முன் உட்காருவான். அவள் நூல் மில்லிலிருந்து ஓடி வந்து சமையலையும் படுக்கையிலிருக்கும் மாமியாரையும் பார்த்துக்கொள்வாள். அவனிடம் ஒரு வேலையும் சொன்னதில்லை.

சந்தையில் பார்த்த, அவனோடு வேலை செய்பவரின் மனைவி, "எங்க வீட்டுக்காரர் ஆறுக்கே வந்துடுறாருங்களே" என்றாள்.

மறுநாள் தனக்கொடி அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கம்பெனி வாசலில் காத்திருந்து அவன் பின்னாலேயே போனாள். பஸ் நிலையத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தான். அவர்கள் ஊர் பஸ்கள் வந்து போயின. அவன் ஏறவில்லை. யாரும் அவனைத் தேடி வரவுமில்லை.

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "இங்க என்னங்க பண்றீங்க?"

அவன் திடுக்கிட்டுப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்தான். "ஒண்ணும் பண்றதில்ல. அதுக்குத்தான் வர்றேன்."

கத்த வேண்டும்போல இருந்தது அவளுக்கு. கைகள் சும்மா இருக்க மாட்டாமல் முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தன. அப்போது போன் அடித்தது. மாமியார்.

"எப்பம்மா வருவே?"

"எனக்கு வேலை முடிய நேரமாகுங்கத்தே. அவர் வர்றாரு."

அடுத்த பஸ் வந்து நின்றது. "போங்க. அத்தைக்குத் துணி மாத்தோணும். உலை வைங்க" என்றாள்.

அவன் தயங்கி எழுந்தான். "நீ?"

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை நீட்டிக்கொண்டாள்.