விசில் தாத்தாவின் பெருங்குடும்பம்

"ராத்திரி வீட்ல உங்ககூட யாரு இருக்காங்க?"

சர்க்கரை நோய்ப் பிரிவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் அதிகாரி கேட்ட முதல் கேள்வியே இதுதான். இஸ்திரிக்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாரும் இல்லை சார். நானும் என் இஸ்திரிப் பெட்டியும்தான்."

"சரி, போகலாம். அடுத்து?"

பக்கத்தில் நின்ற நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அதிகாரிக்கு ஆஸ்பத்திரி வட்டாரத்தில் 'கத்திரி' என்று பெயர். சுகாதாரத் துறைச் செலவில் எது கண்ணில் பட்டாலும் வெட்டுவார். காயத்தில் வைக்கும் பஞ்சைக்கூட இரண்டாகப் பிய்க்கச் சொன்னவர் என்று பேச்சு. பொய்யாக இருக்கலாம்; ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றும்.

இப்போது கத்திரி இன்சுலின் பக்கம் திரும்பியிருந்தது. புது இன்சுலின், பழசைப் போல நாலு மடங்கு விலை. இனி எல்லாருக்கும் வாங்கிக் கட்டுப்படியாகாதாம். யாருக்குப் புதுசு, யாருக்குப் பழசு என்று பிரிக்கத்தான் நேரிலேயே வந்திருந்தார்.

நர்ஸுக்குப் புரிந்துவிட்டது. 'தனி ஆளாப் பொறுக்கி எடுத்துப் பழசைத் தலையில கட்டப் போறாரு மனுஷன்! அவங்களுக்காகச் சண்டைக்கு வர ஆள் இருக்காதே!'

அவளுக்கு விசில் தாத்தாவை நினைத்துத்தான் பயம். ரிட்டயரான பஸ் கண்டக்டர். ஒண்டிக்கட்டை. பழசு போட்ட காலத்தில் ஒரு ராத்திரி சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கி, நினைவு தப்பிக் கிடந்தார். காலையில் பால்காரர் கதவைத் தட்டியிராவிட்டால் அன்றோடு விசில் நின்றிருக்கும்.

தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் நர்ஸ் வரிசைக்கு ஓடினாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. வீடு நிறைய ஆள்னு சொல்லுங்க. தனியா இருக்கேன்னு வாயைத் திறந்தீங்க, புது ஊசி போச்சு!"

அவ்வளவுதான். கண் மூடித் திறப்பதற்குள் அந்த வரிசைக்குச் சொந்தபந்தம் பெருகிவிட்டது. ஒருவருக்கு வக்கீல் மகன் முளைத்தான். கல்யாணமே ஆகாத ஒருவர், பின்னால் நின்றவரிடம் மருமகனைக் கைமாற்றாக வாங்கிக்கொண்டார்.

விசில் தாத்தா முறை வந்தது. பட்டன் போன இடத்தில் குத்தியிருந்த ஊக்கைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தார்.

"ராத்திரி கூட யாரு?"

"யாருன்னு கேட்டா எங்க ஆரம்பிக்கறது சார்? மகனுங்க, மருமகளுங்க, பேரன் பேத்திங்க. மூத்த பேரன் குத்துச்சண்டைக்காரன். கோவம் ஜாஸ்தி."

"ஓஹோ."

"ராத்திரி நான் புரண்டு படுத்தாக்கூட, என்னாச்சு என்னாச்சுன்னு எல்லாரும் எழுந்து உட்கார்ந்துடுவாங்க. ஒரே தொந்தரவு! நாயும் இருக்கு."

"நாய் பேரு?"

தாத்தா ஒரு நொடிதான் திணறினார்.

"பேரு வைக்கலாம்னு கிட்டப் போனவனையெல்லாம் கடிச்சிருச்சு சார்."

அதிகாரி சிரிக்கவில்லை. சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பினார். நர்ஸ் மனசுக்குள் விசிலே அடித்தாள்.

வரிசை முடிந்தது. அதிகாரி பேனாவை மூடினார்.

"என்ன சிஸ்டர், உங்க ஊர்ல எல்லாரும் கூட்டுக் குடும்பமா? புதுசுக்கு அந்த இஸ்திரிக்காரம்மாவைத் தவிர ஆளே தேறலையே!"

"என்ன சார் சொல்றீங்க?"

"பழசுல சில பேருக்கு ராத்திரி சர்க்கரை இறங்கிடும். பக்கத்துல ஆள் இருந்தா எழுப்பிச் சர்க்கரைத் தண்ணி கொடுப்பாங்க. தனியா இருக்கறவங்களுக்கு யாரு கொடுப்பா? அதான் புதுசு முதல்ல அவங்களுக்கு."

நர்ஸ் வரிசை நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"கருணைன்னு நினைச்சுக்காதீங்க. கணக்கு. ஒருத்தர் நினைவில்லாம வந்து இங்க படுத்தா ஆகற செலவுல, அவருக்கு எத்தனையோ மாசம் புதுசே வாங்கலாம்."

"சார்! தப்பு என்னோடது. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். விசில் தாத்தாவுக்கு யாருமே கிடையாது சார். அந்த நாய்கூட இல்லை!"

"தெரியும். நாளைக்கு எல்லாரையும் திரும்ப வரச் சொல்லுங்க, மறுபடி கேக்கறேன். நீங்க மட்டும் தண்ணி குடிக்கப் போகாதீங்க."

"அய்யோ, தாத்தா பழசை வாங்கிட்டுப் போயிருப்பாரே!"

அதிகாரி கண்ணாடிக் கதவு வழியே கையைக் காட்டினார். மருந்து கொடுக்கும் ஜன்னலில் நின்றிருந்த விசில் தாத்தா, புது இன்சுலின் பெட்டியை ஊக்கு குத்திய நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினார்.

"அவருக்குப் புதுசுதான் எழுதினேன். அத்தனை பேர் இருக்கற வீட்ல, அந்தச் சட்டைக்கு ஒரு பட்டன் தைக்க ஒருத்தர்கூடவா இல்லாமப் போயிட்டாங்க?"