பீஸ் கட்டை

பிரேம்நாத் சுவரேறிக் குதித்து, பக்கத்து வீட்டு மெயின் பாக்ஸிலிருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கி எறிந்தான். சமையலறையிலிருந்து பாரதி கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள்.

இரண்டு வீட்டுக்கும் ஆகவே ஆகாது. பாரதியின் புருஷன் தமிழ்வேந்தன் பின்பக்க ஷெட்டில் மரக்கிண்ணம் கடைந்து, பஃபிங் மெஷினில் மெழுகு போட்டுப் பளபளக்க வைத்து விற்கிறவன். பிரேம்நாத்துக்கோ ஆம்பூர் ஷூ கம்பெனியில் பஃபிங் மெஷினோடுதான் வேலை. அங்கேயும் அந்தச் சத்தம், லீவு நாளில் வீட்டிலும் அதே சத்தமா என்று நகராட்சியில் மனு கொடுத்தான். போன மாசம் இவர்கள் தண்ணீர்க் குழாயை மிதித்து உடைத்தான். சரியான விஷம்.

அதுவும் இன்றைக்குப் பார்த்தா? பெங்களூர் கடைக்காரர் முதல் முறையாகக் கேட்டிருந்த கிண்ணங்கள் சாயங்காலம் காட்பாடியில் ரயிலேறியாக வேண்டும். தவறினால் அந்தக் கடை போச்சு. அந்த அவசரத்தில்தான் ஷெட்டில் மெஷின் மோட்டார் திடீரென்று முக்க ஆரம்பித்தது. வோல்டேஜ் வேறு கம்மியாகித் தொலைகிறதே என்று பாரதி அலுத்துக்கொள்வதற்குள் இந்தப் பாவி குதித்துவிட்டான்.

பிடுங்கியதோடு விட்டானா? நேரே போய், உள்பக்கம் தாழ்போட்டிருந்த ஷெட் கதவை உதைத்தான். கிண்ணங்களையும் உடைக்கத்தான் போகிறான் என்று நினைத்த பாரதி குறுக்கே பாய்ந்து சட்டையைப் பிடித்தாள்.

"எங்க பொழப்புல மண்ணு போடறதுக்குன்னே பொறந்தியாய்யா நீ? இன்னிக்கு உன்ன ஸ்டேஷன்ல உக்கார வெக்காம விடமாட்டேன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பாரதி பேச விட்டால்தானே. அவளைத் தள்ளிவிட்டு மறுபடியும் கதவை உதைத்தான். அவள் கரண்டியால் மண்டையில் ஒன்று வைத்தாள், ரத்தம் வந்துவிட்டது. தெருவே கூடி அவனைத் திட்டியது. அவனுக்காகப் பேச ஒரு நாதி இல்லை.

தாழ்ப்பாள் உள்ளேயிருந்து திறந்தது. தமிழ்வேந்தன் இருமிக்கொண்டே வெளியே வந்தான். கையில் பாதியாகக் கிழிந்த துண்டு. புருஷனைக் கண்டதும் தெம்பு வந்து, இவன் காலை உடைத்துப் போடு என்றாள் பாரதி. தமிழ்வேந்தனுக்குக் குரலே எழும்பவில்லை, வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினான்.

பிரேம்நாத் நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அவனை முறைத்தான்.

"இன்னொரு தபா கழுத்துல துண்டோட மெஷின்கிட்ட நின்ன, நானே உன் கழுத்த நெரிச்சிடுவேன்டா."